ஹபீபா மைனி பார்த்துக்கொண்ட நாய்

எனக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுவந்து கட்டிக்கொடுத்தது, ஊரிலுள்ள பூனையெல்லாம் வந்து தங்கிப் போகிற ஒரு வீட்டில். தேங்காய்ப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்குப் பூனைவீடு என்றே பெயர். பெண் பேச வந்தபோது அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் என் பெட்டியைத் திறந்தால், புதுப் பட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஒன்று சுருண்டு படுத்திருக்கிறது. நான் போட்ட கூப்பாட்டைக் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் ஹபீபா பீவி. வந்தவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனை பயந்துவிட்டதா என்றுதான் பார்த்தாள்.

ஹபீபா பீவி என் மாப்பிள்ளை ஜலாலுதீனுக்கு மூத்த சகோதரி, எனக்கு மைனி. சின்ன வயதிலேயே கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகுட்டியும் இல்லாமல், தம்பியோடு வந்து சேர்ந்தவள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் வியாபாரிகளில் பாதிப்பேருக்குக் கொழும்பில் கடை. சிலர் பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை யாரிடமாவது கொடுக்கலாம், பூனையை என்ன செய்வது? அரிசியும் கொப்பரையும் மாசிக் கருவாடும் அடுக்கிவைத்த வீடுகளுக்குப் பூனை இல்லாமல் ஆகாது. பக்கத்து வீட்டுக் கதீஜா பீவி முதன்முதலில் தன் பூனையை மைனியிடம் விட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அது முன்னைவிடக் கொழுத்திருந்ததைத் தெருவே பார்த்தது. அதற்குப் பிறகு கப்பல் போகிற காலம் வந்தாலே எங்கள் வாசலில் மூடின கூடைகள் வந்து இறங்கும். கூலி என்று ஒன்றும் கிடையாது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் தேயிலையும் வாசனைச் சோப்பும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தச் சோப்பில் எனக்கும் பங்கு இருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முழுக்க மூடினேன் என்று சொல்லமாட்டேன்.

மைனிக்கு என்று ஒரு முறை உண்டு. பூனையோடு அந்த வீட்டுப் பெண் உடுத்து அவிழ்த்த துவைக்காத துணி ஒன்றும் கூடவே வரவேண்டும். சோறு வைக்க எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்பாள். ஒரு வீட்டில் நாக்கைச் சொடுக்குவார்கள், இன்னொரு வீட்டில் மீன்சட்டியைத் தட்டுவார்கள், ஒருத்தி பாட்டே பாடுவாள். அத்தனையையும் அவர்கள் முன்னாலேயே செய்து காட்டிச் சரியா என்று கேட்டுக்கொள்வாள். பிறகு பூனையின் பாதங்களில் தேங்காய் எண்ணெயைத் தடவி விட்டுவிடுவாள். அது உட்கார்ந்து நக்கித் தீர்ப்பதற்குள் ஓடுகிற எண்ணம் போய்விடுமாம். வந்த பூனையை அவள் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டே இருப்பாள். அதுவாக வந்து இடுப்பில் உரசினால்தான் திரும்புவாள். காது இப்படிச் சாய்ந்தால் பயம், வால்நுனி இப்படித் துடித்தால் சிடுசிடுப்பு என்று அவள் சொல்லிச் சொல்லி, வேண்டாவெறுப்பாக இருந்த எனக்கே பாதி பாடமாகிவிட்டது.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் பூனையோடு போய்க்கொண்டிருந்த வீட்டுக்கு, கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று ஒன்பதில், அதாவது 1934-இல், மாசிக் கடைசியில், ஒரு நாய் வந்தது.

கொண்டுவந்தவர் புதுக்கடைப் பக்கத்து ரசலையன். எங்களுக்குத் தேங்காய் தருகிற வேதக்காரர், கிறிஸ்தவர், நல்ல மனுஷன். அவர் மனைவி ராகேலுக்கு வயிற்றில் கட்டி. மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுத்து எடுக்கவேண்டும், புருஷனும் கூடவே தங்கவேண்டும். அவர்களுக்கும் பிள்ளை இல்லை. இருந்தது கர்னல் என்று பெயர் வைத்து வளர்த்த அந்த நாய்தான். செம்பட்டை நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. கோழி பிடிக்கிற பழக்கம் இருந்ததால் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கைவிரித்துவிட்டார்கள். பூனைவீட்டு உம்மாவிடம் கேட்டுப் பார்ப்போம் என்று வந்து, ஓலை மறைப்புக்கு வெளியே நாயோடு நின்றார்.

என் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். முஸ்லிம் வீட்டில் நாயா? எங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். அதுவரைக்கும் தொழமுடியாது. அந்தப் பயத்தில் நாங்கள் நாய் நிழலையே சுற்றிக்கொண்டு போகிறவர்கள். ரசலையன் மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்து மைனிக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அறுத்து முடிச்சு கண்ணு முழிச்ச ஒடனே அவ கேக்கப்போறது என்னை இல்ல உம்மா, இவனை ஆக்கும். ஹபீபா உம்மாக்க கிட்ட சுகமா இருக்கான்னு எனக்கு அவகிட்ட சொல்லணும். பொய் சொன்னா அவளுக்குத் தெரிஞ்சு போவும்."

மைனி பள்ளிவாசல் லெப்பைக்கு ஆள் விட்டாள். காவலுக்கு வைக்கலாம், வீட்டுக்குள் விடக்கூடாது என்று பதில் வந்தது. அவ்வளவுதான், அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பெருநாளுக்குப் புதுத்துணி வாங்கிக் கொடுத்த மாதிரி நின்றாள். வீட்டுக்குப் பின்னால் எங்கள் தென்னந்தோப்பில் கொப்பரைக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குற்றி அடித்து நாயைக் கட்டினார்கள். கயிறு எட்டுகிற தூரத்துக்கு மணலில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் மைனி.

முதல்நாளே ஒரு கூத்து நடந்தது. சோற்றுச் சட்டியை வைத்து மட்டையால் தள்ளிவிட்டாள். தின்றுகொண்டே அது தொண்டைக்குள் உறுமியது. மைனி என்னைத் திரும்பிப் பார்த்து, கேட்டியா பிள்ளே, சந்தோஷத்தில் சத்தம் போடுது என்று சொல்லிவிட்டு, பூனையிடம் போகிற மாதிரி இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள். பூனை உறுமினால் சொகம், நாய் உறுமினால் கடி என்கிற வித்தியாசம் அவளுக்கு உறைப்பதற்குள் கர்னல் பாய்ந்துவிட்டது. கயிறு பிடித்து நிறுத்தியது. மைனி மணலில் விழுந்து எழுந்தாள். பயந்திருப்பாள் என்று பார்த்தால், கண்ணெல்லாம் பளபளவென்று, இது வேற பாஷை பிள்ளே, முதலிலிருந்து படிக்கணும் என்கிறாள்.

படித்தாள். பூனைக்குச் செய்கிற மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தாள். அது அழ ஆரம்பித்துவிட்டது. தெரு முழுக்கக் கேட்கிற அழுகை. பொறுக்கமுடியாமல் மைனி திரும்பி உட்கார்ந்தாள். சட்டென்று நிறுத்திவிட்டு, முன்னங்காலின் மேல் தாடையை வைத்து அவளையே பார்த்தது. அன்றைக்குத் தோப்பிலிருந்து ஓடி வந்து அவள் என்னிடம் சொன்னது இது: "பூனைக்கு முதுகு போதும் பிள்ளே. இவனுக்கு மொகம் வேணும்."

அதிலிருந்து தினமும் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முகத்துக்கு முகம் பேச்சு. கொப்பரை விலை, என் சமையலின் குறை, ராகேலின் உடம்பு எல்லாம் அதனிடம் சொல்லியாகும். அவள் குரல் தாழ்ந்தால் அது காதைத் தாழ்த்தும், சிரித்தால் எழுந்து நிற்கும். ரசலையன் அதைச் சீட்டியடித்துத்தான் கூப்பிடுவாராம். எங்கள் வீட்டில் பொம்பிளை சீட்டியடிப்பதா? கேட்டால் பள்ளிவாசலில் பஞ்சாயத்து வைப்பார்கள். மைனி கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று உதட்டைக் குவித்துக் காற்றை ஊதிக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். என்னைக் கண்டதும் வெற்றிலை எச்சிலைத் துப்புவதுபோல் நடித்தாள். சில நாளில் சீட்டி நன்றாகவே வந்தது.

தொடாமல் ஊட்டுவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். சோற்றைக் கவளமாக உருட்டி எறிவாள், கர்னல் எகிறி வாயாலேயே பிடிக்கும். கீழே ஒரு பருக்கை விழாது. இதைப் பார்க்கத் தெருப் பெண்களெல்லாம் மதில்மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நானும்தான் நின்றேன், பொய் சொல்வானேன். அவள் கை உயருவதற்கு முன்னாலேயே, எந்தப் பக்கம் எறிவாள் என்று தோளைப் பார்த்து அதற்குத் தெரிந்துவிடும்.

பங்குனியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பானி கறி வீடு நிறைய. ஊருக்கெல்லாம் பெருநாள், அவனுக்கு மட்டும் மீன் சோறா என்று சொல்லி, கறியோடு எலும்பும் சேர்த்து ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றாக எறிந்தாள். அன்றைக்கு அது பிடித்த பிடிக்கு மதில்மேலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரம். நான் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், தெருவில் ஓட்டமும் சத்தமும். பேப்பட்டி வருது, வெறிநாய் வருது என்று கத்திக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கி வீட்டுக்குள் எறிகிறார்கள். எட்டிப் பார்த்தால் எங்கள் கர்னல். குற்றியோடு பிடுங்கிக்கொண்டு, கயிறு மணலில் இழுபட, வாய் பிளந்து, நுரையும் எச்சிலும் நூலாகத் தொங்க, தலையை ஒரு பக்கமாக ஆட்டிக்கொண்டே ஓடுகிறது. தெருவைச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே போய், கொப்பரைக் கொட்டகைக்குள் சாக்குகளுக்கு இடையில் பதுங்கிக்கொண்டது.

வாசலை ஆண்கள் அடைத்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் எங்கள் தெருச் சுலைமான் காக்கா, கையில் வள்ளத்துத் துடுப்பு. அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய அக்காள் மகனை வெறிநாய் கடித்து, அந்தப் பையன் தண்ணீர்ச் சொம்பைக் கண்டு அலறி அலறிச் செத்தான். தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவர். என் மாப்பிள்ளையும் இரும்புப் பாரையோடு நின்றார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டபடி மைனி வந்தாள். பகலில், இத்தனை ஆண்களுக்கு நடுவில், எங்கள் வீட்டுப் பெண் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை. நானும் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று இதுவரை எனக்குத் தெரியவில்லை.

"பீவி, நீ வீட்டுக்குப் போ. இது பூனையில்ல," என்றார் சுலைமான் காக்கா.

"காக்கா, அவன் என்னைக் கடிச்சா ஒடனே அடிச்சுக் கொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அதுவரைக்கும் கொஞ்சம் பொறு."

சொல்லிவிட்டு உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தாள். அத்தனை ஆண்களுக்கும் முன்னால், தெளிவாக, நீளமாக. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சாக்குகளுக்கு நடுவில் ஒரு வால் இரண்டு தடவை தரையில் தட்டியது. மைனி அப்படியே குந்தி உட்கார்ந்து அதன் முகத்தைப் பார்த்தாள். அது வாயை மூடவில்லை, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து அவளையே பார்த்தது.

"பேப்பட்டியில்ல இது. பூனைக்கு முள்ளு குத்தினா இப்பிடித்தான் கையால தேய்க்கும். வாயில என்னமோ கிடக்கு." பிறகு சொன்னாள்: "நான் எறிஞ்ச எலும்பு ஆக்கும். கிட்டப் போயி குடுத்திருந்தா கண்டிருப்பேன்."

பேப்பட்டிக்கும் வாய் மூடாது பீவி என்றார் சுலைமான் காக்கா. அது உண்மை. மைனிக்கும் அது தெரியும். அவள் நினைப்பு தப்பாக இருந்தால் அந்தப் பையனுக்கு வந்த சாவு இவளுக்கும் வரும், சரியாக இருந்து ஒன்றும் செய்யாவிட்டால் நாய் அடிபட்டுச் சாகும், ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒருத்தி கண் விழித்துக் கேட்பாள். இரண்டுக்கும் நடுவில், அங்கே கிடந்த ஒரு தென்னமட்டைத் துண்டை அவள் கையில் எடுத்தாள். இதை அதன் கடைவாயில் குறுக்கே கொடுத்து யாராவது இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றாள்.

யாரும் அசையவில்லை. எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். என் மாப்பிள்ளை ஒரு அடி எடுத்து வைத்தார். நாய் அவரைப் பார்த்து, அவர் கையிலிருந்த பாரையைப் பார்த்து, பல்லைக் காட்டியது. ஆண்கள் கிட்டே வந்தால் அது கடிக்கும் என்று எனக்கே புரிந்தது. அங்கே நின்றவர்களில், மதில்மேல் அது தினமும் பார்த்த முகம் என்னுடையது ஒன்றுதான். பூனையைக் கண்டால் ஆகாத நான் போனேன். மைனி பேசிக்கொண்டே இருந்தாள், கொப்பரை விலை, என் புளிக்கறி, வாய்க்கு வந்ததெல்லாம். நான் பின்பக்கமாகப் போய், கால்களுக்கு நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, மட்டையை வாய்க்குள் கொடுத்து இரண்டு நுனியையும் இழுத்துப் பிடித்தேன். எச்சில் என் முழங்கை வரை வழிந்தது. அந்த உடம்பு முழுக்க நடுங்கியது. நானும் நடுங்கினேன், எது யாருடைய நடுக்கம் என்றே தெரியவில்லை.

மைனி பிஸ்மில்லாஹ் சொல்லிக் கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டுவரை போய்விட்டது. மேலண்ணத்தில் இருக்கு, குறுக்கே இருக்கு என்றாள். பிடித்து இழுத்தாள், வழுக்கிவிட்டது. கர்னல் ஒரு கத்துக் கத்தி மட்டையைக் கடித்தது, நார் தெறித்தது. கையைக் கடிக்கவில்லை. மறுபடியும் விட்டாள், நெற்றியிலிருந்து வியர்வை சொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். வந்துவிட்டது. ஆட்டு விலாவெலும்பின் ஒரு சிம்பு, விரல் நீளம். அதைத் தூக்கிச் சுலைமான் காக்காவின் காலடியில் போட்டாள்.

தண்ணி என்றாள். கொட்டகை மூலையில் இருந்த பானையை அதன் முன்னால் சாய்த்து வைத்தார்கள். கர்னல் குடித்தது. மூச்சு வாங்கக்கூட நிற்காமல், மூக்கு முழுகக் குடித்தது. தண்ணீரைக் கண்டு அலறுகிற நோயைப் பார்த்தவர்கள் எல்லாரும், நாக்கு தண்ணீரை அள்ளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சுலைமான் காக்கா துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். கிணற்றிலிருந்து இன்னொரு வாளி தண்ணீரோடு வந்தார்.

ராகேல் பிழைத்து எழுந்ததும், வைகாசியில் மெலிந்த உடம்போடு வில்வண்டியில் வந்து இறங்கியதும், கர்னல் அவள் மடியில் ஏறி அவளை மண்ணில் சாய்த்ததும் பிறகு நடந்த கதை. எனக்கு மறக்காமல் இருப்பது ஆண்களெல்லாம் போன பிறகு அந்தக் கொட்டகையில் நடந்தது.

கைகளை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி நான் எழுந்தேன். வா மைனி, மண்ணு கரைச்சு கழுவுவோம், லுஹர் தொழுகைக்கு நேரமாவுது என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. எச்சிலும் ரத்தமுமாக இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு தடவை பட்டாலும் ஏழு தடவைதான் கழுவணும். நூறு தடவை பட்டாலும் அதே ஏழுதான்," என்றாள்.

"யாரு சொன்னா?"

"லெப்பைக்கிட்ட கேட்டேன்."

"எப்பம் கேட்டிய?"

"இவன் வந்த மறுநாளே கேட்டாச்சு."

சொல்லிவிட்டு அந்தக் கையை அதன் தலையில் வைத்தாள். நெற்றியைத் தடவினாள், காதுகளுக்குப் பின்னால் சொறிந்தாள், கயிறு உராய்ந்து முடி கொட்டின கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினாள். கர்னல் கண்ணை மூடிக்கொண்டு முழு பாரத்தையும் அவள் தோளில் சாய்த்தது. இத்தனை நாளும் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்ததற்கெல்லாம் சேர்த்துத் தடவினாள். அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

என் கையும் முழங்கை வரைக்கும் நனைந்துதானே இருந்தது. லுஹருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. நானும் உட்கார்ந்து அதன் முதுகில் கையை வைத்தேன்.